நடுச்சுவர்

பம்பக்கா பேசமாட்டார் என்பதுதான் அவரைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்த முதல் விஷயம். இரண்டாவது, அவர் வேலை பார்த்த இடம். எங்கள் இரும்புத் தாதுச் சுரங்கத்தின் பழைய குழியில் அதற்குக் கீழே வேறு இடம் கிடையாது. மழைத் தண்ணீரும் ஊற்றுத் தண்ணீரும் உருண்டு திரண்டு கடைசியில் வந்து தேங்குகிற பள்ளத்தின் கரையில், ஒரு தகரக் கொட்டகையில், இரண்டு பம்புகளோடு காலையிலிருந்து மதியம் தாண்டும்வரை இருப்பார். அதற்குப் பிறகு நான் போய் அவரை மாற்றிவிடுவேன். பல வருஷங்களாக நாங்கள் ஒரு நாளைக்குப் பேசிக்கொண்டது இவ்வளவுதான்:

“ரெண்டாவது பம்பு கொஞ்சம் சூடாகுது தம்பி. பார்த்துக்கோ.”

“பார்த்துக்கறேங்க்கா.”

அப்படியிருக்க அவர் கதை உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பாதியை அந்த வெடி நாளுக்குப் பிறகு அவரே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். மீதியைச் சுரங்கம் முழுவதும் வாக்கிடாக்கியில் கேட்டது.

அவர் எப்போதும் அப்படி வாய் மூடி இருந்தவர் இல்லை. வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பழைய குழி திருவிழாக் கடைவீதி மாதிரி இருக்குமாம். குழியைச் சுற்றிப் படிப்படியாக வெட்டிய பாறைத் தட்டுகளில் எங்கு பார்த்தாலும் டம்பர் லாரிகள், அள்ளும் எந்திரங்கள், கத்திக்கொண்டே வேலை பார்க்கும் ஆட்கள். பாறையில் துளை போட்டு, துளையில் மருந்தை இறக்கி வெடிப்பார்கள். உடைந்து விழுவதை அள்ளி ஏற்றுவார்கள். துளை போடுகிற எந்திரத்தை ஓட்டியவர்களில் ஒருவர்தான் நான் சொல்லப்போகும் டிரில்காரர். தூசி அடங்கத் துளையில் தண்ணீர் விட வேண்டும். அந்தத் தண்ணீருக்குக் கேனைத் தூக்கிக்கொண்டு அவர் பம்புக் கொட்டகைக்கு வருவார்.

“ஒரு கேன் தண்ணி பிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அந்த மனுஷனுக்கு அரை மணி நேரம் ஆகும்” என்றார் அக்கா. “வாய் ஓயாது. கேன் நிறைஞ்சு வழிஞ்சு என் செருப்பெல்லாம் நனையும். அது கூடத் தெரியாம பேசிட்டு நிப்பாரு.”

அப்படி வழிந்த தண்ணீரில் கல்யாணம் நடந்தது. கம்பெனி குவார்ட்டர்ஸில் இரண்டு அறை வீடு. இரண்டு பேருக்கும் ஒரே ஷிப்ட், ஒரே பஸ், ஒரே சாப்பாட்டுத் தூக்கு. ஒரு மகள். வீட்டுக் கொடியில் காயும் துணி எத்தனை முறை துவைத்தாலும் சிவப்பாகவே இருக்கும். மகளின் பள்ளிச் சீருடையும் அப்படித்தான். “உங்க வீட்டுல வெள்ளையே கிடையாதா?” என்று டீச்சர் கேட்டதற்கு, “எங்கப்பா பல்லு மட்டும் வெள்ளை மிஸ்” என்று சொல்லிவிட்டு வந்ததாம் அந்தக் குழந்தை. அவர் அவ்வளவு சிரிக்கிறவர்.

பிறகு கிழக்கே தாது நீளமாக ஓடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். சுரங்கத்தை விரித்தார்கள். மேல்மண்ணை வழித்துப் புதுக் குழி திறந்தார்கள். இரண்டு குழிகளுக்கும் நடுவே ஒரு பாறைச் சுவரை வெட்டாமல் விட்டார்கள். பழைய குழியில் எடுக்கும்படி மிச்சம் ஒன்றும் இல்லை. எந்திரங்கள் ஒவ்வொன்றாக மேலேறிச் சுவரைத் தாண்டிப் போயின. ஆனால் பம்பு போக முடியாது. பழைய குழியில் தண்ணீர் உயர்ந்தால் அது பாறை வெடிப்பு வழியாகப் புதுக் குழிக்குள் கசியும். அதனால் எல்லோரும் போன பிறகும் அக்கா மட்டும் அங்கேயே இருந்தார். கல்யாண வீட்டில் பந்தலைப் பிரித்த பிறகு பாத்திரத்துக்குக் காவல் வைத்த ஆள் மாதிரி.

அந்தக் குழியின் அமைதியை நானும் அறிவேன். சுற்றிலும் சிவப்புப் பாறை, தலைக்கு மேல் வட்டமாக வெட்டிய வானம், சிவப்புத் தண்ணீர். பம்பு ஓடுகிற சத்தம் சிறிது நேரத்தில் காதுக்குப் பழகி அதுவே அமைதியாகிவிடும். எப்போதாவது மேல் படியிலிருந்து ஒரு கல் உருண்டு விழும். யாரோ வருகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்போம். யாரும் இருக்கமாட்டார்கள். தண்ணீருக்குள் இறங்கும் குழாயின் வாயில் சேறு அடைத்தால் பம்பில் காற்று ஏறிவிடும். நிறுத்தி, சேற்றை எடுத்து, வாளியால் தண்ணீர் ஊற்றிக் காற்றை வெளியேற்றி மறுபடி ஓட்ட வேண்டும். அக்காவுக்கு அதுதான் பொழுதுபோக்கு. முதல் வருஷம் பம்போடு பேசுவாராம். “என்னடி, இன்னிக்கு இவ்வளவு இருமறே?” என்று கேட்பாராம். ஒரு நாள் தன் குரலே எதிர்ப் பாறையில் பட்டுத் திரும்பி வந்தபோது யாரோ கேலி செய்வது போல இருந்ததாம். அதோடு அதையும் விட்டார்.

டிரில்காரருக்குப் புதுக் குழியில் மாறி மாறி ஷிப்ட் வந்தது. அக்காவுக்கு எப்போதும் பகல். ஒருவர் வீட்டுக்குள் வரும்போது மற்றவர் செருப்பைத் தேடுவார். மகள் படிப்பு முடித்து, வேலைக்குப் போய், தொலைவில் ஒரு நகரத்தில் குடும்பமாகிவிட்டாள். வீட்டில் இரண்டு பேர். அதுவும் ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் மூடி வைத்த சாப்பாட்டைத் திறந்து சாப்பிடுகிற வீடு.

சேர்ந்திருக்கும் நாட்களிலும் அவர் பேச்சு குறைந்தது. அக்கா கதவருகே நின்று ஏதாவது கேட்பார். பதில் வராது. இன்னொரு முறை சத்தமாகக் கேட்டால், “சரி” என்பார். எதற்கும் அந்த ஒரே பதில்தான். தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது என்றாலும் சரி; பக்கத்து வீட்டுக்காரர் மாற்றலாகிப் போகிறார் என்றாலும் சரி; உப்பு போதுமா என்றாலும் சரி.

மகள் போனில் குறைபட்டுக்கொண்டாள். “அப்பாவுக்கு என்ன ஆச்சும்மா? நான் பாட்டுக்குப் பேசிட்டிருக்கேன், ‘சரி சரி, அம்மாகிட்ட குடுக்கறேன்’னு வெச்சிடறாரு.”

“உங்கப்பா இப்பல்லாம் அப்படித்தான். சுவத்துக்குக் கூடக் காது இருக்கும்பாங்க. இந்த மனுஷனுக்கு அது கூட இல்லை.”

சொன்னதன் அர்த்தம் சொன்னவருக்கே அன்று தெரியவில்லை.

ஒரு மழைக்காலத்தில் அக்காவுக்கு மார்பில் கட்டி மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. பல நாள் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு கம்பெனி டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அன்று டிரில்காரருக்கு விடுமுறை. ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். அக்கா சமையலறையிலிருந்தபடியே, முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாமல், அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “நாளைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணுங்க. கட்டின்னு சொல்றாங்க. எனக்குப் பயமா இருக்கு. கூட வர்றீங்களா?”

பதில் இல்லை. அக்கா திரும்பிப் பார்த்தார். அவர் நிமிர்ந்து பார்த்து, “சரி” என்றார்.

மறுநாள் காலை எழுந்து, சாப்பிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

அக்கா தனியாகப் போனார். தனியாக வரிசையில் உட்கார்ந்தார். ஊசியைக் குத்தி எடுத்துப் பார்த்துவிட்டு, வெறும் நீர்க்கட்டிதான், பயப்பட ஒன்றும் இல்லை என்றார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. திரும்பும் பஸ்ஸில் சந்தோஷப்பட வேண்டிய மனம் கல்லாக இருந்தது. வீட்டுக்கு வந்தால் அவர் வழக்கம்போல் தூக்கைக் கழுவிக்கொண்டிருந்தார். என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை இல்லை.

“அன்னிக்கு முடிவு பண்ணினேன் தம்பி. இனி இந்த மனுஷன்கிட்ட வாயைத் திறந்து எதுவும் கேக்கறதில்லைன்னு. சண்டை போட்டாலாவது அவருக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்குச் சண்டை போடக்கூடத் தோணலை.”

பேச்சு அப்படித்தான் நின்றது. அக்கா தூக்கை நிரப்பி வைப்பார். துணியை மடித்து வைப்பார். அவர் இருக்கும் அறையில் டிவி சத்தம் மட்டும் காது கிழிய இருக்கும். தன்னை வெறுப்பேற்றத்தான் அப்படி வைக்கிறார் என்று நினைத்து அக்கா கொல்லைப்புறப் படியில் போய் உட்கார்ந்துகொள்வார்.

இப்படி வருஷங்கள் போன பிறகு மறுபடி சுரங்க விரிவாக்கம் வந்தது. நடுவில் விட்டிருந்த பாறைச் சுவரில் நல்ல தாது இருக்கிறது. அதை வெட்டி இரண்டு குழிகளையும் ஒன்றாக்கிவிடலாம் என்று மேலே முடிவானது. சுவரின் உச்சியில் துளை போட டிரில் எந்திரங்கள் ஏறின. பகல் வேலை மட்டும். அவற்றில் ஒன்றை ஓட்டியவர் டிரில்காரர்.

அக்கா கொட்டகை வாசலில் நின்று அண்ணாந்தால் எதிர்ச் சுவரின் மேல் அவர் தெரிவார். தீப்பெட்டி அளவு எந்திரம், பக்கத்தில் தீக்குச்சி அளவு மனிதர், மஞ்சள் தொப்பி. துளைக் கம்பி மாற்றுவது தெரியும். குனிந்து துளைக்குள் பார்ப்பது தெரியும். மதியம் எந்திரத்தின் நிழலில் உட்கார்ந்து தூக்கைத் திறப்பது தெரியும். என்ன இருக்கிறது என்று அக்காவுக்குத் தெரியும். காலையில் வைத்தவரே அவர்தானே. வீட்டில் பார்க்காத அளவுக்குப் புருஷனை அங்கேதான் பார்த்ததாகச் சொன்னார். ஒரு தடவை கையை ஆட்டிப் பார்த்தாராம். அவர் கீழே பார்க்கவே இல்லை. யாராவது பார்த்துவிட்டார்களோ என்று வெட்கப்பட்டுக் கையை இறக்கிக்கொண்டாராம். பார்க்க அங்கே யார் இருக்கிறார்கள்?

சுவரை ஒரு முனையிலிருந்து வெட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு பக்கம் துளை போடும்போதே, முன்பு போட்ட துளைகளில் மறுபக்கம் மருந்து இறங்கும். வெடிக்கும் நாளில் சங்கு ஊதும். நீளமாக ஒரு சங்கு ஊதினால் எல்லோரும் விலக வேண்டும். இரண்டாவது சங்குக்கு வெடிதான். குழிக்கு அடியில் இருக்கும் பம்பு ஆள் மேலே ஏறி வர நேரமாகும் என்பதால், கனத்த இரும்புத் தகட்டில் ஒரு கூண்டு செய்து கொட்டகைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். சங்கு ஊதினால் அதற்குள் போய்ப் பதுங்கிக்கொள்ள வேண்டியது.

நான் சொன்ன அந்த வெடி நாளில் டிரில்காரரின் உதவியாள், தேய்ந்த துளைமுனைக்கு மாற்று வாங்க ஜீப்பில் போயிருந்தார். டிரில்காரர் எந்திரத்தை நிறுத்திவிட்டு, பின்பக்கம் குந்தி, காற்றுக் குழாயின் இணைப்பை முடுக்கிக்கொண்டிருந்தார். முதல் சங்கு ஊதியது. வெடி மேஸ்திரி வாக்கிடாக்கியில் ஒவ்வொருவராகக் கேட்டார். அக்கா “பம்பு, கூண்டுக்குப் போறேன்” என்றார். அடுத்து மேஸ்திரி கேட்டார்:

“டிரில்லு, கிளம்பியாச்சா?”

வாக்கிடாக்கியில் விளக்கு மின்னியதைப் பார்த்திருக்க வேண்டும். டிரில்காரரின் குரல் வந்தது: “சரி, சரி.”

கூண்டின் கதவைத் திறந்த அக்கா வழக்கம்போல் ஒரு தடவை மேலே பார்த்தார். எந்திரம் கிளம்பிய புகை இல்லை. ஆள் எழுந்திருக்கவில்லை. சங்கு இன்னும் அலறிக்கொண்டிருந்தது. பாறைக்குப் பாறை மோதித் திரும்புகிற சத்தம். செத்தவன் எழுந்து உட்காருவான். அந்த மனிதர் முதுகைக் காட்டிக்கொண்டு நிதானமாக ஸ்பேனரைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

அக்கா வாக்கிடாக்கியை அமுக்கினார்.

“வெடிக்காதீங்க! நிறுத்துங்க! சுவத்து மேல ஆளு இருக்கு!”

“யாரு பேசறது?”

“பம்புதான். என் வீட்டுக்காரரு இன்னும் மேலயே இருக்காரு!”

“அவரு சரின்னு சொல்லிட்டாரேம்மா. கிளம்பியிருப்பாரு.”

“அவரு எல்லாத்துக்கும் சரின்னுதான் சொல்லுவாரு! அவருக்கு... ஐயோ, அவருக்குக் காது கேக்கலைங்க! அவருக்குக் காது கேக்காது!”

வாயை விட்டு வெளியே வரும்வரை அந்த விஷயம் அக்காவுக்கே தெரியாது. அது வந்தபோது சுரங்கத்தில் வாக்கிடாக்கி வைத்திருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். அவர் ஒருவர் மட்டும் கேட்கவில்லை.

மேஸ்திரி வெடியை நிறுத்தினார். ஜீப் ஒன்று சுவரின் மேல் ஓடியது. ஒரு ஆள் இறங்கிப் போய் டிரில்காரரின் தோளைத் தொட்டதையும், அவர் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பியதையும் அக்கா கீழே நின்று பார்த்தார். நான் ஷிப்டுக்குப் போனபோது கூண்டின் வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தார். வாக்கிடாக்கியைக் கையிலிருந்து நான்தான் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

“முதுகு தம்பி” என்றார். “அவரு முதுகு அசையவே இல்லை.”

அடுத்த வாரமே டிரில்காரருக்குக் காதைச் சோதித்தார்கள். இரண்டு காதும் ஏறக்குறைய போய்விட்டிருந்தன. காதில் பஞ்சுகூட வைக்காமல் எந்திரத்தின் பக்கத்தில் நின்ற வருஷங்கள். வருஷா வருஷம் நடக்கிற காதுச் சோதனையில் எப்படித் தப்பித்தார் என்று டாக்டர் கேட்டார். கண்ணாடித் தடுப்பில், சத்தம் கொடுக்கிற பெண்ணின் விரல் அசைவது தெரியும்; அந்த விரல் அசையும்போதெல்லாம் இவர் கையைத் தூக்கியிருக்கிறார். மேஸ்திரிகள் பேசினால் உதட்டைப் பார்ப்பார். உதடு தெரியாவிட்டால் ‘சரி’. சங்கு ஊதினால், உதவியாள் எழுந்து போவதைப் பார்த்து இவரும் போவார்.

டிரில்லில் இருந்து இறக்கி அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலை. கேட்க வருகிறவர்கள் பழைய போல்ட்டைக் கையில் தூக்கிக் காட்டினால் போதும்.

ஸ்டோருக்கு மாற்றிய அன்று வீட்டில் நடந்ததை அக்கா ஒரு தடவைதான் சொன்னார். இருவரும் சமையலறை மேசையில் எதிரெதிரே, அவருக்கு உதடு தெரிகிற மாதிரி.

“ஊரெல்லாம் கேக்கற மாதிரி சொல்லணுமா?” என்று கேட்டார் அவர்.

“வேற எப்படிங்க சொல்றது? உசிரு போயிருக்கும்.”

“போயிருந்தா டிரில்காரனாப் போயிருப்பேன்.”

“எத்தனை வருஷமா இப்படி?”

அவர் தோளைக் குலுக்கினார். “கொஞ்சம் கொஞ்சமாப் போச்சு.”

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்.”

“சொன்னா நீ விட்டிருப்பியா? மறுநாளே எந்திரத்தை விட்டு இறங்கச் சொல்லியிருப்பே.”

அது உண்மைதான் என்று அக்காவுக்குத் தெரிந்தது. பிறகு, கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டார்.

“அப்போ ஆஸ்பத்திரிக்குக் கூட வாங்கன்னு கூப்பிட்டேனே, அது?”

“எந்த ஆஸ்பத்திரி?”

“கட்டின்னு சொன்னாங்களே. நான் தனியாப் போயிட்டு வந்தேனே.”

அவர் முகம் வெளிறிப்போனது. “உனக்கா? எப்போ? என்ன கட்டி?”

அக்கா எழுந்து போய்க் குழாயைத் திறந்து, ஏற்கெனவே கழுவியிருந்த பாத்திரத்தை மறுபடி கழுவினார். முதுகுக்குப் பின்னால் அவர் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தாராம். இவர் திரும்பாமலே ஏதோ பதில் சொன்னாராம். திரும்பாமல் எத்தனை பதில் சொன்னாலும் அவருக்குக் கேட்காது என்பதும் அப்போது நினைவில்லை.

ஊரறியச் சொல்லிவிட்டாரே என்ற கோபத்தில் அதன் பிறகு பல மாதங்கள் அவர் அக்காவோடு பேசவில்லை. இது நிஜமான மௌனம். ஸ்டோரில் ஆட்கள் விளையாட்டாக வாயை மட்டும் அசைத்துக் காட்டுவார்கள். எல்லோரோடும் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சிரிப்பைச் செருப்போடு வாசலில் கழற்றிவிடுவார். கம்பெனியில் காதுக் கருவி வாங்கிக் கொடுத்தார்கள். பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்தார். மகள் வந்து அழுது ஆர்ப்பாட்டம் செய்த பிறகுதான் மாட்டிக்கொண்டார்.

மாட்டிய முதல் நாள் வீட்டையே சுற்றிச் சுற்றி வந்தார். “இது என்ன சத்தம்?” “பிரிஜ்ஜுங்க.” “இது?” “ஃபேன்.” “நம்ம வீடு இவ்வளவு சத்தமா?” அக்கா சிரித்துவிட்டார். அவர் அதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து, “ஏதாவது பேசேன்” என்றார்.

“என்ன பேசறதுன்னே தெரியலை தம்பி” என்றார் அக்கா என்னிடம். “எவ்வளவோ சேர்த்து வெச்சிருந்தேன்னு நினைச்சேன். தேடிப் பார்த்தா ஒண்ணும் இல்லை. கடைசியில ரெண்டாவது பம்பு சூடாகறதைப் பத்திச் சொன்னேன்.”

“அண்ணன் என்ன சொன்னாரு?”

“நல்லாத்தான் கேட்டாரு. கேட்டு முடிச்சுட்டு, அவரும் என்ன கேக்கறதுன்னு தெரியாம உக்காந்திருந்தாரு.”

சுவர் போய்விட்டது. கடைசித் துண்டையும் வெடித்து அள்ளி முடித்ததும் இரண்டு குழிகளும் ஒரே பெருங்குழியாயின. தண்ணீர் தேங்கும் இடம் மாறியது. பம்புகளைப் புதுப் பள்ளத்துக்குக் கொண்டுபோய் வைத்து, ஜன்னல் வைத்த புதுக் கொட்டகை கட்டிக் கொடுத்தார்கள். டம்பர்கள் போகிற வழி அங்கிருந்து கண்ணுக்குத் தெரியும். ஓட்டுகிறவர்கள் முகம் தெரியாது. எல்லாரும் புது ஆட்கள்; பம்பில் இருப்பது யார் என்று அவர்களுக்கும் தெரியாது.

இப்போது டிரில்காரருக்கும் அக்காவுக்கும் ஒரே ஷிப்ட். காலையில் ஒரே பஸ்ஸில் வருகிறார்கள். பஸ்ஸின் இரைச்சல் கருவிக்குள் புகுந்து தலையைக் குடைகிறது என்று ஏறியதும் அவர் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். அக்கா ஜன்னல் பக்கம். வெளியே பார்த்துக்கொண்டு வருகிறார்கள். ஸ்டோர் வாசலில் அவர் இறங்குவதற்கு முன் அக்கா அவர் தோளை லேசாகத் தொடுகிறார். இடம் வந்துவிட்டது என்று சொல்ல அதுதான் வழி. அவர் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடக்கிறார். பஸ் குழிக்குள் இறங்குகிற பாதையில் திரும்புகிறது. அந்தப் பாதையில் கடைசி வரை போகிறவர் அக்கா ஒருவர்தான்.